உள்ளே ஆள்

கிட்டார் வாசிக்கிறவர்கள் அவளை ஈயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் போய்க் கதவைத் தட்டினாலும் ஒரு கையில் ஈயக் கம்பியும் மறுகையில் சூடான சால்டரிங் அயர்னுமாக வந்து முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளித் திறப்பாள். மாடியில் இரண்டே அறை. முன்னறையில் கணவரின் தையல் மெஷின். பின்னறையில் அவளுடைய மேசை, ஒரு ஜன்னல், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். நடுவில் போட்ட திரைக்கு அந்தப் பக்கம் நூல், இந்தப் பக்கம் கம்பி. "ரெண்டு பேரும் ஒட்டுப் போட்டுத்தான் பிழைக்கிறோம்" என்பார் தையல்காரர்.

பதினேழு வருஷம் காது கேட்கும் கருவி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தவள் அவள். கடையை மூடியதும், சும்மா இருக்க முடியாமல், ஒரு கிட்டார்காரர் கொண்டுவந்த பழைய பெடலைச் சரிசெய்து கொடுத்தாள். காலால் மிதித்தால் கிட்டாரின் நாதத்தைக் கரகரப்பாக, தடிப்பாக மாற்றுகிற சின்ன இரும்புப் பெட்டி அது. உள்ளே பிரித்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டே டிரான்சிஸ்டர், ஒரு கை விரல்களால் எண்ணிவிடக்கூடிய சில்லறைப் பாகங்கள். இதைப் போய் உலகமே தேடுகிறதா என்று நினைத்தாள். நினைத்தவள் அப்படியே அதற்குள் விழுந்துவிட்டாள்.

விஷயம் அந்த இரண்டு டிரான்சிஸ்டரில்தான் இருந்தது. இப்போது வருவதெல்லாம் சிலிக்கான். அந்தக் காலத்துப் பெட்டிகளில் இருப்பது ஜெர்மானியம், வெள்ளித் தொப்பி போட்ட குண்டுமணி மாதிரி ஒன்று. அதைத் தயாரிப்பதை நிறுத்திப் பல காலமாகிறது. நூறு கிடைத்தால் ஐந்துதான் தேறும். மீதியெல்லாம் ஓட்டைக் குடம். மூடியிருக்கும்போதே மின்சாரம் கசியும். ஈயக்காவுக்கு இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. மீட்டரில் மாட்டிவிட்டு இரண்டு விரலால் தொப்பியை லேசாகப் பிடிப்பாள். உடம்புச் சூடு பட்டதும் மீட்டர் முள் ஏறும். மளமளவென்று ஏறினால் தூக்கிப் போட வேண்டியதுதான். மெதுவாக ஏறி, விரலை எடுத்ததும் இறங்கி நின்றால் அது வைரம்.

அதற்காக அவள் போகாத இடமில்லை. ஆஸ்பத்திரி ஏலம், பழைய ரேடியோ குவிந்து கிடக்கும் சந்துகள், இறந்துபோன மெக்கானிக்குகளின் வீடு. துக்கம் கேட்கப் போகிற மாதிரி போய்விட்டு, செத்தவரின் பழைய பாகங்கள் இருக்கும் பெட்டியைப் பற்றிக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்பாள். ஏமாந்ததும் உண்டு. வேறு எதையோ சுரண்டி, புது எழுத்துப் போட்டு விற்பார்கள். நகத்தால் கீறினால் எழுத்து கையோடு வந்துவிடும்.

நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு கிட்டார்காரர், தனக்கும் தன் சகாக்களுக்குமாகச் சேர்த்துப் பன்னிரண்டு பெடல் கேட்டபோது, அவளிடம் ஒன்று செய்யவும் சரக்கு இல்லை. ஆனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஜெர்மானியம்தான் வேணும்கா. வேற எதுவும் வேணாம்" என்றார் நெட்டையன்.

"கிடைச்சா செய்யறேன். கிடைக்கலேன்னா என்னைத் திட்டாதீங்க."

அவர் அவள் தேடுவதை நாலு கடைகளில் சொல்லி வைத்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து, உச்சி வெயிலில், கம்பளிக் குல்லா போட்ட ஒருவர் படியேறி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது, கழற்றவில்லை.

"தலையில சளிம்மா" என்றார், அவள் பார்ப்பதைப் பார்த்து. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். பஞ்சின் மேல் நான்கு வெள்ளித் தொப்பிகள் உருண்டன.

ஈயக்கா ஒவ்வொன்றாக மாட்டி விரலால் பிடித்தாள். முள் அசைய மனசில்லாமல் ஏறியது. விரலை எடுத்ததும் இறங்கிப் பழைய இடத்தில் நின்றது. நான்கும் அப்படியே. பத்து வருஷத் தேடலில் நான்குக்கு நான்கு தேறியதே இல்லை.

"எங்க அண்ணே இருந்துச்சு?"

"எலக்ட்ரீஷியன்மா நான். வேலை செய்யற இடத்துல பழசெல்லாம் கழிச்சுக் கட்டறாங்க. குப்பைக்குப் போறது."

"இன்னும் இருக்கா?"

"பாக்கறேன்."

அவர் போன பிறகு தையல்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "யாரு அது? இந்த வெயில்ல குல்லா? தலைக்குள்ள ஐஸ் வெச்சிருக்காரா?"

"சளியாம்."

"மூக்கை உறிஞ்சவே இல்லையே" என்றார் தையல்காரர். அப்புறம் மெஷின் ஓடத் தொடங்கியது.

குல்லாக்காரர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் நான்கு. உட்கார மாட்டார், தண்ணீர் கேட்க மாட்டார். பேசும்போது வாசலையே பார்ப்பார். மூன்றாவது முறை வந்தபோதுதான் ஈயக்கா அதைக் கவனித்தாள். டிரான்சிஸ்டரின் கால்களை வெட்டிய இடம் செம்புப் பளபளப்போடு இருந்தது. பழைய குப்பையில் கிடந்த பாகம் என்றால் வெட்டு கறுத்திருக்கும், கூடவே தூசி அப்பியிருக்கும். இது நேற்று வெட்டியது. குப்பைக்குப் போகிற சாமானை ஒவ்வொரு முறையும் நான்கு நான்காக ஏன் வெட்ட வேண்டும்? ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே.

கேள்வி வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. நெட்டையனுக்கு நாலு பெடல் முடிந்திருந்தது, இன்னும் எட்டு பாக்கி. வெட்டிய முனைகளைச் சுரண்டி ஈயம் ஏற்றினாள், பளபளப்பு மறைந்தது.

நான்காவது முறை அவர் அவசரத்தில் வந்தார். மூச்சு வாங்கியது. மாத்திரை டப்பாவுக்குப் பதிலாகத் துணியில் சுற்றிய முழு சர்க்யூட் கார்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், அதன்மேல் இரண்டு வெள்ளித் தொப்பிகள்.

"வெட்ட நேரமில்லை. நீயே எடுத்துக்கம்மா. இனிமே கொஞ்ச நாளைக்கு வர மாட்டேன்."

அவர் இறங்கிப் போன சத்தம் அடங்கியதும் அவள் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால், நடுங்காத கையெழுத்தில், யாரோ எழுதியிருந்தார்கள்: 7 - உள்ளே ஆள்.

அன்று அவள் அந்த இரண்டைக் கழற்றவில்லை. கார்டை இழுப்பறையில் வைத்து மூடினாள். மறுநாள் எடுத்தாள், மறுபடி மூடினாள். மூன்றாம் நாள் காலை, பழக்கத்தால், ஒரு தாளை எடுத்துக் கார்டில் எது எதோடு சேர்கிறது என்று கோடு போட்டு வரையத் தொடங்கினாள். கால் மணி நேர வேலை. ஒரு முனையில் எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பொத்தான். யாராவது அதை அமுக்கினால் இந்த இரண்டு டிரான்சிஸ்டரும் விழித்துக்கொண்டு ஒரு மணியை அடிக்கும். பொத்தானிலிருந்து கையை எடுத்தாலும் மணி நிற்காது. வெளியே இருக்கும் யாராவது வந்து நிறுத்தினால்தான் நிற்கும்.

மணியை இயக்கும் சின்னத் தகட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். தகடு படுகிற இடம் தேய்ந்து மின்னியது. சும்மா கிடந்த கார்டில் அப்படி மின்னாது. வாரா வாரம் யாரோ சோதித்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள், சமீபம் வரைக்கும்.

"ஏங்க" என்றாள், திரைக்கு இந்தப் பக்கமிருந்து.

தையல்காரர் வந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கார்டை வாங்கிப் படித்தார். "உள்ளே ஆள். அப்படின்னா?"

"ஆள் உள்ள மாட்டிக்கிட்டா அமுக்கற மணி. ஏழுங்கறது ரூம் நம்பரு. எந்த மாதிரி இடத்துல ரூமுக்கு ரூம் இப்படி வெப்பாங்க? லிஃப்ட்டா, பேங்கு லாக்கரா?"

அவர் கார்டை மேசைமேல் வைத்தார். பிறகு, "அந்தக் குல்லா" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி பஞ்சு வெச்ச கோட்டு நாப்பது தைச்சுக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா? மீனும் கறியும் வெக்கிற கோல்டு ஸ்டோரேஜுக்கு. அவங்க எல்லாரும் இதே குல்லாதான் போட்டிருந்தாங்க. உள்ளயும் வெளியயும் போய்ட்டுப் போய்ட்டு வர்றதால கழட்டற பழக்கமே இல்லைன்னு சொன்னாங்க."

ஈயக்கா தன் நோட்டை எடுத்தாள். முதல் மூன்று முறை நான்கு நான்கு, மொத்தம் பன்னிரண்டு. ஒரு கார்டுக்கு இரண்டு என்றால் ஆறு கார்டு. இதோடு ஏழு.

"ஏழு ரூம்ல மணி அடிக்காதுங்க" என்றாள்.

"ஒருவேளை மூடின ரூமா இருக்கும்."

"இருக்கும்" என்றாள். ஆனால் அதற்குள் பையில் மீட்டர், அயர்ன், ஈயக் கம்பி, ஒரு பிடி சாதாரண டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு அதையெல்லாம் எடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தையல்காரர் கடைக் கதவைச் சாத்தினார்.

பேருந்தை விட்டு இறங்கும்போது மணி ஒன்றரை. ஜன்னலே இல்லாத வெள்ளைச் சுவர் கட்டடம். சுவரோரம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டில் இருந்தவர் தையல்காரரை அடையாளம் கண்டு சிரித்தார். "கோட்டு மாஸ்டரா? வாங்க வாங்க. கை கிழிஞ்சு போச்சுன்னு சொல்லணும்னே இருந்தேன்."

"அப்புறம் பாக்கலாம். மேனேஜரைப் பாக்கணும்" என்றார் தையல்காரர்.

உள்ளே நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் கனத்த இரும்புக் கதவுகள், ஒன்று முதல் பன்னிரண்டு வரை. ஒரு கதவும் மூடி முத்திரை வைத்த கதவாகத் தெரியவில்லை. நாலாம் நம்பரிலிருந்து ஒருவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கூடவே புகை மாதிரி குளிர் வந்தது. நடைவழியின் முடிவில் சுவரில் ஒரு பலகை. பன்னிரண்டு சின்ன விளக்குகள், பன்னிரண்டும் பச்சை.

மேனேஜர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஈயக்கா கார்டைக் காட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுப் பலகையைக் காட்டினார்.

"பாருங்கம்மா. எல்லாம் பச்சை. பச்சைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"விளக்குக்குத் தனியா ஒயர் இழுத்து எரிய விடலாம் சார். கார்டு இல்லாமலே எரியும்."

"யாரு இழுக்கப் போறா? எங்க எலக்ட்ரீஷியன் இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்காரு."

"அவருதான் எங்கிட்ட வித்தாரு."

மேனேஜர் முகம் இறுகியது. "நீங்க கிளம்புங்க. வேலை நேரத்துல வந்து..."

ஈயக்கா அவரைத் தாண்டிப் போய், பக்கத்திலிருந்த ஆறாம் நம்பர் கதவின் பிடியில் தொங்கி இழுத்தாள். உள்ளே கால் வைத்ததும் மூக்கு மயிர் விறைத்தது. கதவின் உள்பக்கத்தில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் முறிந்த இரும்புத் துண்டுதான் இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பொத்தான். அமுக்கினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. பலமாக அமுக்கினாள். தையல்காரர் கதவை முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்வை அவளைவிட்டு அகலவில்லை.

அவள் வெளியே வந்தபோது மேனேஜர் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உடைஞ்ச கைப்பிடிக்கெல்லாம் ஆர்டர் போட்டிருக்கு" என்றார், யாரும் கேட்காமலே. "மணி இருக்கேன்னுதான்..."

"ஒவ்வொரு ரூமா திறந்து பாருங்க சார். முதல்ல ஆள் இருக்காங்களான்னு பாருங்க."

அதன் பிறகு அவர் எதிர்த்துப் பேசவில்லை. பெட்டி தள்ளியவரும் கூட வந்தார். ஏழு, எட்டு. ஒன்பதாம் கதவைத் திறந்ததும் குளிர்ப்புகை மெல்ல விலகியது. தரையில் ஒரு கால், ரப்பர் பூட்ஸோடு.

தரம் பிரிக்கும் வேலை செய்கிற பெண் அவர். காலை டீ நேரத்துக்குப் பிறகு ஒரு பெட்டியைச் சரிபார்க்க உள்ளே போனவர். மகளுக்குக் காய்ச்சல் என்று காலையில் சொல்லியிருந்ததால், சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். கோட்டு போட்டிருந்தார், தலைக்குல்லா இருந்தது. வலது கையில் மட்டும் உறை இல்லை. உறையோடு அமுக்கினால் பொத்தான் சரியாகப் படவில்லையோ என்று கழற்றிவிட்டு அமுக்கியிருக்கிறார். அந்தக் கை அப்போதும் சுவரில் ஏறித்தான் இருந்தது. விரல்கள் மெழுகு நிறம்.

"மூச்சு இருக்கு" என்றார் பெட்டி தள்ளியவர்.

நடைவழியில் படுக்கவைத்து, இருந்த துணியையெல்லாம் போட்டுப் போர்த்தினார்கள். தையல்காரர் தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றினார். தேய்க்கப் போனவரை ஈயக்கா தடுத்தாள். எப்போதோ எங்கோ கேட்டது, தேய்க்கக் கூடாது என்று. ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமானது என்று பிற்பாடு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

சத்தம் கேட்டு மெஷின் அறையிலிருந்து குல்லாக்காரர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், தரையில் கிடந்தவரைப் பார்த்தார், பிறகுதான் ஈயக்காவைப் பார்த்தார். ஓடவில்லை. காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"மணிக்குப் புது போர்டு வருதுன்னாங்கம்மா" என்றார். "ரெண்டு வருஷமா அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்றாங்க. இந்த மாசம் கண்டிப்பா வருதுன்னாங்க."

"அதுக்கு முன்னாடியே ஏன் எடுத்தீங்க?"

"போர்டு வந்தா பழசை லாரியோட தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எனக்கு ஏது?"

அவள் பையிலிருந்து ஒரு பிடி கறுப்பு டிரான்சிஸ்டரை அள்ளிக் காட்டினாள். கடையில் பொட்டலமாகக் கிடைக்கிற சாதாரணச் சரக்கு. "இந்த மணிக்கு ஜெர்மானியம் வேணும்னு யார் சொன்னா? இது போதுமே அண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மாத்திக் கொடுத்திருப்பேனே. அரை மணி நேர வேலை."

அவர் அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அது தெரியாதும்மா" என்றார். இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் சொன்ன அந்த வார்த்தை பொய்யா நிஜமா என்று அவளால் கடைசி வரை முடிவு செய்ய முடியவில்லை.

அவர் மெஷின் அறை பீரோவுக்குப் பின்னாலிருந்து மற்ற ஆறு கார்டுகளையும் எடுத்துக் கொடுத்தார். போலீஸ் வந்து அவரை அழைத்துப்போன போது ஈயக்கா பலகைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆறு கார்டுகளில் வெட்டுப்பட்ட கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் ஈயம் உருக்கி எடுத்து, கறுப்பு டிரான்சிஸ்டரை வைத்து, ஒரு ரெசிஸ்டரை மாற்றினாள். தான் கொண்டுவந்த ஏழாவது கார்டை அப்படியே இடத்தில் மாட்டினாள். ஒவ்வொன்று முடிந்ததும் தையல்காரர் அந்தந்த அறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கினார். மணி கட்டடம் அதிர அடித்தது. ஏழு முறை அடித்தது. நடைவழியில் நின்றவர்கள் யாரும் காதைப் பொத்தவில்லை.

விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. வெட்டு புதிதாக இருந்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை என்று சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து, "அதைச் சொல்லணும்னு அவசியம் இல்லையே" என்றார். "எழுதிக்குங்க" என்றாள். அவள்மேல் வழக்கு வரவில்லை. குல்லாக்காரருக்கும் மேனேஜருக்கும் வந்தது.

தரம் பிரிக்கும் பெண் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஈயக்கா பார்க்கப் போனாள், தயங்கித் தயங்கித்தான். கட்டிலில் சாய்ந்திருந்தவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அதை எதுக்குங்க வாங்கினீங்க?"

"கிட்டார் சத்தத்துக்கு."

"சத்தத்துக்கா" என்றார் அவர். ஈயக்கா கொண்டுபோன பழங்களை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

நெட்டையனிடம் ஆறு பெடலையும் திருப்பிக் கேட்டாள், வேறு செய்து தருவதாகச் சொல்லி. நாலு வந்தது. அவற்றைப் பிரித்துப் பன்னிரண்டில் எட்டைப் போலீஸில் ஒப்படைத்தாள். மற்ற இரண்டை வாங்கியவர்கள் தர மறுத்துவிட்டார்கள். அதில் ஒருவர், கதையைக் கேட்ட பிறகு அந்த நாதத்தில் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்று நெட்டையனிடம் சொன்னாராம். நெட்டையன் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

இப்போதும் அவள் பெடல் செய்கிறாள், பெரும்பாலும் கறுப்புச் சரக்கில். ஜெர்மானியம் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் ஒரே கேள்வி: எதிலிருந்து எடுத்தது? உடைந்த ரேடியோ, அப்பாவின் டேப் ரெக்கார்டர் என்று சிலர் உடைந்ததையே கொண்டுவந்து காட்டுகிறார்கள். சிலர் அப்புறம் வருவதில்லை.

போன மாதம் ஒரு பிற்பகலில் போன் வந்தது. தெரியாத குரல், மரியாதையான குரல். இருபது இருக்கிறது, எல்லாம் ஒரே ரகம், கால் நீளமாகவே இருக்கிறது என்றது.

"எதுலேர்ந்து எடுத்தீங்க?"

பின்னால் ஏதோ பெரிய மெஷின் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஹலோ. எந்த இடத்துலேர்ந்து பேசறீங்க? நான் வாங்கிக்கறேன், இடத்தை மட்டும் சொல்லுங்க."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரையைப் பிடித்தபடி நின்றார். அவள் மறுபடி எண்ணை அழுத்தினாள்.